விருந்தினருக்கு ஒடியற்கூழ்

யாழ்ப்பாணத்தில் வெளியூர் உறவுகள் வந்திறங்கும் நாளின் இராச்சாப்பாட்டுக்கு ஒடியற்கூழை விடச் சிறந்தது இல்லை. அதன் ருசி அடுப்பில் அல்ல, சந்தையில் தொடங்குகிறது. பாசையூர், குருநகர் மீன்சந்தைகளில் அன்று கரைக்கு வந்த நண்டு, இறால், கணவாய், மீன்தலை வாங்கப்படும். ஐஸில் கிடந்த மீன் கூழின் மணத்தையே கெடுத்துவிடும்.

பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைச் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்தால் கசப்பு அகலும். இதில் அவசரம் கூடாது.

பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய் முதலில் வேகும். பிறகு நண்டும் மீனும், கடைசியாகச் சீக்கிரம் வெந்துவிடும் இறால். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த மாவும் சேர்ந்ததும் கைவிடாமல் துழாவ வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். முருங்கையிலை இறக்கும் தறுவாயில் போதும்.

பனையோலைப் பிளாவில் சுடச்சுட ஊற்றி, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு, எல்லோரும் பானையைச் சுற்றி இருந்து குடிப்பார்கள்.