ஏப்ரலில் கிடைக்கும் ஆப்பிள்

சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் ஏப்ரல் மாதம் விலைக்கு வரும் இந்திய ஆப்பிள் அண்மையில் பறித்ததல்ல. இமாசலப் பிரதேசத்தில் அறுவடை ஜூலையில் தொடங்கி அக்டோபர் வரை நடக்கிறது. காஷ்மீரில் ஆகஸ்டிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. ஏப்ரலில் கடைக்கு வரும் பழம் மரத்தை விட்டுக் குறைந்தது ஐந்து மாதம் ஆகியிருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பழத்தை அத்தனை காலம் கெடாமல் வைத்திருப்பது தனித் தொழில். அது குளிர்பதனக் கிடங்கில் அல்ல, மரத்தடியிலேயே தொடங்கிவிடுகிறது.

சிம்லா மாவட்டத்தின் கோட்கர் பகுதியில் அமெரிக்கரான சாமுவேல் ஸ்டோக்ஸ் 1910-களில் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்டார். அந்த மலைச்சரிவுகளில் இன்றும் பறிப்பது மனிதக் கைகள்தான். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேலே தூக்கி, லேசாகத் திருகினால் காம்போடு கழன்று வரும். கீழே இழுத்தால் காம்பு பிய்ந்து, அந்தக் குழி வழியே பூஞ்சை நுழையும். அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய குறுங்கிளையும் ஒடியும். விரல் அழுத்திய இடம் அப்போதைக்குத் தெரியாது, பிறகு பழுப்பேறும். வண்டி போகாத சரிவுகளில் ‘கில்டா’ என்ற கூடையை முதுகில் சுமந்து இறங்குகிறார்கள். அவர்களில் பலர் நேபாளத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். கடைக்காரர் வாங்கும் பாராட்டில் பெரும்பங்கு இவர்களுக்குரியது.

அடுத்தது தரம் பிரித்தல். பருமன் வாரியாகப் பழங்களை ஒதுக்கி, அடுக்கடுக்காக அட்டைப்பெட்டியில் வைக்கிறார்கள். முன்பு ஒரே பெட்டியில் அளவுக்கு மீறித் திணித்து, பெட்டிக் கணக்கில் விலை பேசியதால் விவசாயி நட்டப்பட்டார். 2024-இல் இமாசல அரசு சுமார் 20 கிலோ கொள்ளும் சீரான பெட்டியைக் கட்டாயமாக்கியது நியாயமான முடிவு.

பறித்த பின்னும் ஆப்பிள் சுவாசிக்கிறது. தன் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, எத்திலீன் வாயுவை வெளியிட்டுப் பழுத்து, மாவுத்தன்மை அடைகிறது. இந்தச் சுவாசத்தை மட்டுப்படுத்துவதே வளிக்கட்டுப்பாட்டுக் கிடங்கின் வேலை. காற்றுப் புகாத அறையில் பழத்தை நிரப்பி, வெப்பநிலையை 0 முதல் 2 டிகிரி செல்சியஸ் அளவிலும் ஈரப்பதத்தை 90 சதவீதத்துக்கு மேலும் வைக்கிறார்கள். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை நைட்ரஜன் செலுத்தி 1 முதல் 3 சதவீதமாகக் குறைக்கிறார்கள். சேரும் கரியமில வாயுவின் மிகுதியை நீக்கிவிடுகிறார்கள். மூடிய அறைக்குள் மனிதர் சுவாசிக்க முடியாது, நுழைந்தால் உயிருக்கே ஆபத்து. இப்படி வைத்த நல்ல பழம் எட்டு மாதம் வரைகூடத் தாங்கும். அடிபட்ட பழத்தை எந்தக் கிடங்கும் காப்பாற்றாது.

அறையைத் திறந்ததும் பழத்தின் முதுமை மீண்டும் வேகம் எடுக்கிறது. ஆகவே, கோடையில் வாங்கும் ஆப்பிளை மேசைமேல் அலங்காரமாக அடுக்காமல் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். கீரையோடும் கேரட்டோடும் சேர்க்க வேண்டாம்: எத்திலீன் பட்டால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும்.