துவர்ப்பு

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு இத்தாலியிலிருந்து நேராகச் சுங்கைப்பட்டாணி வீட்டுக்குப் போய் இறங்கினேன். மிலானில் ஏறி, இரண்டு விமானம் மாறி, பினாங்கில் இறங்கி, அங்கிருந்து அண்ணனின் காரில் வீடு. களைப்பில் பையைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போனது என் தவறு.

திரும்பி வந்தபோது அம்மா துவைக்க வேண்டிய துணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கம்பளிச் சட்டைக்குள் நான் சுருட்டி வைத்திருந்த புட்டி அவர் மடியில் இருந்தது.

"என்ன பாப்பா இது?"

"வைன்மா. வேலைக்குப் போன இடத்துல கொடுத்தாங்க."

"சாராயமா?"

மூன்று ஆண்டுகளாக நான் தள்ளிப்போட்டு வந்த பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

அப்பா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். நல்ல வேலைக்காரர் என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். சாயங்காலமானால் சம்சு. சின்னப் புட்டி, மலிவு விலை, லயத்துக்கு வெளியே சீனர் கடையில் கடனுக்கும் கிடைக்கும். ஒருமுறை யாரோ காய்ச்சிக் கொண்டுவந்த சரக்கைக் குடித்துவிட்டு மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்ற இருவரும் தேறினார்கள். அப்பாவும் பிழைத்தார். ஆனால் அதன் பிறகு அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, மரத்தில் கோடு இழுக்க முடியவில்லை. குடி மட்டும் நிற்கவில்லை. ஈரல் கெட்டு அவர் போனபோது எனக்கு ஒன்பது வயது. அன்று அம்மா எங்கள் இருவரையும் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினார். என்ன சத்தியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் சிங்கப்பூரில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். "சாப்பாட்டுச் சாமான் கம்பெனி" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. ஆலிவ் எண்ணெய், டின் தக்காளி, பாஸ்தா எல்லாம் வருகின்றன. ஆனால் என் சம்பளத்துக்கான பணம் பெரும்பாலும் வைனிலிருந்து வருகிறது. பெர்மிட், லேபிள், சுங்க வரி ஆகியவற்றைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. சிங்கப்பூரில் வைனுக்கு வரி அதிலுள்ள ஆல்கஹாலைக் கணக்கிட்டுத்தான். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி. 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லிலிட்டர் புட்டி என்றால் 9 வெள்ளி 24 காசு. புட்டி இருபது வெள்ளியோ இருநூறு வெள்ளியோ, இந்த வரி மாறாது. சுங்கத்துறைக்குத் தெரிந்த இந்த உண்மை வைன் குடிக்கும் பலருக்குத் தெரிவதில்லை. உள்ளே இருக்கும் ஆல்கஹால் ஒன்றுதான்.

முதல் இரண்டு ஆண்டுகள் கணக்கோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு, விற்கும் பொருள் என்னவென்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். குடிப்பதில்லையே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அங்கேதான் நெபியோலோவைச் சந்தித்தேன்.

இத்தாலியின் வடமேற்கே பீட்மாண்ட் மாநிலத்தில் விளையும் கறுப்புத் திராட்சை அது. பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இரண்டு பேர்பெற்ற சிவப்பு வைன்கள் இந்த ஒரே திராட்சையிலிருந்து செய்யப்படுகின்றன. வேறு எதையும் கலக்கக் கூடாது. கண்ணாடிக் குவளையில் ஊற்றியபோது எனக்கு ஏமாற்றம். மற்ற சிவப்பு வைன்கள் நாவல்பழச் சாறு போல இருந்தன. இது பால் விடாத தேநீர் போல வெளிறி, ஓரத்தில் செங்கல் நிறம் காட்டியது. தண்ணீர் கலந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். வாயில் வைத்ததும் ஈறும் கன்னமும் இழுத்துப் பிடித்துக்கொண்டன. பார்ப்பதற்குச் சாது, வாயைத் திறந்தால் வேறு ஆள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் உண்டு. இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறார்.

பயிற்சி நடத்தியவர் அந்த உணர்வை விளக்கப் படாத பாடு பட்டார். "வாய் உலர்வது போல", "நாக்கைத் துணியால் துடைத்தது போல" என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த எனக்கு ஒரே சொல் போதுமாக இருந்தது. துவர்ப்பு. வாழைப்பூ, கொட்டைப்பாக்கு, கடுக்காய் எல்லாம் தருவது. அறுசுவையில் ஒன்றாக அதை எண்ணி வளர்ந்தவர்கள் நாம். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் நம் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வழுவழுப்புப் போய் வாய் சுருங்குகிறது. கட்டித் தேநீரில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குவதும் இதனால்தான், பாலின் புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பீட்மாண்ட்காரர்கள் இந்த வைனை இறைச்சியோடும் பாலாடைக் கட்டியோடும் மேசைக்குக் கொண்டுவருவதில் அதே கணக்குதான் இருக்கிறது.

இரண்டாவது முறை முகர்ந்தபோது ரோஜா வந்தது. அதன் பின்னால் தார். "தாரும் ரோஜாவும்" என்பது இந்த வைனைப் பற்றி எல்லாரும் சொல்லும் வாய்ப்பாடு என்று பிறகு தெரிந்துகொண்டேன். எனக்கு அது தாராகத் தெரியவில்லை. தோட்டத்துப் புகைக்கூடம். ரப்பர் ஷீட் காயப்போடும் கூடத்தின் பக்கமாக அப்பாவின் சைக்கிளில் போகும்போது வரும் வாசம். நான் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்விட்டேன்.

போன அக்டோபரில் நிறுவனம் என்னை அங்கேயே அனுப்பியது. லேபிள் விஷயமாகச் சில உற்பத்தியாளர்களை நேரில் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. ஆல்பா என்ற சின்ன ஊரில் தங்கினேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. தனாரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி. காரில் ஏறி மலைச்சாலையில் பத்து நிமிடம் போனதும் சட்டென்று வெயில். கீழே வெள்ளைக் கடல், அதில் தீவுகளாக மலையுச்சிகள், ஒவ்வோர் உச்சியிலும் ஒரு கிராமம், ஒரு கோபுரம். மூடுபனிக்கு இத்தாலிய மொழியில் 'நெபியா' என்று பெயர். அறுவடைக் காலத்தில் வரும் இந்தப் பனிதான் நெபியோலோவுக்குப் பெயர் தந்தது என்கிறார்கள். இல்லை, பழுத்த திராட்சையின் மேல் படியும் வெள்ளைப் பூச்சுதான் காரணம் என்று வேறு சிலர். பெயர் எப்படி வந்திருந்தாலும் அது 1266லேயே எழுத்தில் இருக்கிறது.

இது பிடிவாதமான கொடி. மற்ற ரகங்களுக்கு முன்னால் துளிர்க்கும், எல்லாம் பறித்து முடிந்த பிறகு அக்டோபர் நடுவில்தான் பழுக்கும். முன்னால் வரும் உறைபனிக்கும் பயப்பட வேண்டும், பின்னால் வரும் மழைக்கும் பயப்பட வேண்டும். அதனால் வெயில் நன்றாகப் படும் தெற்குச் சரிவுகளை மட்டும் இதற்குக் கொடுக்கிறார்கள். குளிர்காலத்தில் பனி முதலில் எங்கே உருகுகிறதோ அங்கே நடு என்பது அந்த ஊர் வழக்கு. வெயில் குறைந்த சரிவுகளில் ஹேசல் கொட்டை மரங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் ரொட்டியில் தடவும் நுட்டெல்லாவும் இந்த ஊர்ச் சரக்குதான். போருக்குப் பிறகு கோக்கோ கிடைக்காத காலத்தில் ஆல்பாவில் பெரேரோ குடும்பம் உள்ளூர்க் கொட்டையை அரைத்துச் சேர்க்கப் போய்த் தொடங்கிய தொழில் அது.

இன்று அந்த மலைகள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, 2014 முதல். ஒரு தலைமுறைக்கு முன்னால் அவை வறண்ட வயிறுகளின் ஊர். திராட்சையை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் தொழிற்சாலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். 1958ல் பார்பரெஸ்கோ கிராமத்துப் பாதிரியார் டான் பியோரினோ மாரெங்கோ பத்தொன்பது சிறு விவசாயிகளைக் கூட்டி ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். சொந்தக் கிடங்கு கட்டும்வரை முதல் மூன்று ஆண்டு வைனைத் தேவாலயத்தின் நிலவறையில் செய்தார்கள். அந்தச் சங்கம் இன்றும் நெபியோலோ ஒன்றை மட்டுமே செய்கிறது.

இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனம் கெடாவில் இருந்தது. இரண்டே ஆண்டு கழித்து, 1960ல், துண்டு போடப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தாத்தா அதில் பங்கு வைத்திருந்தார். பங்குச் சீட்டை அம்மா இன்னும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

காத்திருப்பதுதான் இந்த வைனின் பாதிச் செலவு. பார்பரெஸ்கோ குறைந்தது 26 மாதம், பரோலோ 38 மாதம் கிடங்கில் கிடந்த பிறகே விற்கலாம் என்பது சட்டம். துவர்ப்பு அடங்க அது போதாது என்று இன்னும் பத்து ஆண்டு வைத்திருப்பவர்கள் உண்டு. 1980களில் சில இளைஞர்கள் இந்தக் காத்திருப்பை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களில் எலியோ அல்தாரே என்பவர், அப்பாவின் பழைய பெரிய மரப்பீப்பாய்களை மரம் அறுக்கும் ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டுச் சின்ன ஓக் பீப்பாய்களைக் கொண்டுவந்தார். அப்பா அவரைச் சொத்திலிருந்து விலக்கிவிட்டார். ஊரில் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பீப்பாயை அறுத்தவராவது அப்பாவின் முகத்துக்கு நேரே அறுத்தார்.

கடைசி நாள் மதியம் ஒரு விவசாயி வீட்டில் சாப்பாடு. எழுபதைத் தாண்டிய அந்த வீட்டுப் பெரியவர், என் அப்பாவும் விவசாயியா என்று கேட்டார். அவர் பேத்தி மொழிபெயர்த்தாள். எப்படியோ சம்சுவைச் சொல்லிவிட்டேன், கண் போனதையும் சொன்னேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மெத்தனால்" என்றார். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

1986ல் இத்தாலியில் நடந்ததை அவர் சொன்னார். மலிவு வைனின் வீரியத்தைக் கூட்ட, இதே பீட்மாண்டில் சிலர் மெத்தனாலைக் கலந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது. மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத்தான் முதலில் தாக்கும். பரோலோ, பார்பரெஸ்கோ செய்பவர்களுக்கு அதில் சம்பந்தமில்லை. ஆனாலும் இத்தாலிய வைன் என்றாலே உலகம் பின்வாங்கியது. எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லவே வெட்கப்பட்டோம் என்றார் பெரியவர். செத்தவர்கள் யார் என்று கேட்டேன். கடையில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கியவர்கள் என்றார். 2018ல் சிலாங்கூரில் கள்ளச் சாராயம் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது செத்தவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

புறப்படும்போது அவர்தான் அந்தப் புட்டியைக் கையில் கொடுத்தார். 2016ஆம் ஆண்டு பார்பரெஸ்கோ. அப்பாவுக்கு என்றார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. வேலையைப் பற்றிய உண்மையை முதலில் சொன்னேன். வாயில் வைத்துப் பார்ப்பதையும், சில சமயம் துப்பாமல் விழுங்கியதையும்கூடச் சொன்னேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"உங்கப்பன் குடிச்சதுக்கும் இதுக்கும் என்னா வித்தியாசம்?"

வைன் குடிப்பவர் நாகரிகமானவர், சம்சு குடிப்பவர் குடிகாரர் என்று பேசும் ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். அவர்களுடைய பதிலை அம்மாவிடம் சொல்ல என்னால் முடியாது. எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023லேயே சொல்லிவிட்டது. "உள்ள இருக்கிறது ஒண்ணுதான்மா. விலைதான் வேற" என்றேன்.

அம்மா புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிளில் இருந்த மலைப் படத்தை விரலால் தடவினார். மலையில் எப்படி ஏறிப் பறிக்கிறார்கள், எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், பெண்கள் பறிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். கையால்தான் பறிக்கிறார்கள், கூடையில் போடுகிறார்கள், பறிப்பவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள் இல்லை, வடக்கு மாசிடோனியாவிலிருந்து வந்தவர்களைப் பார்த்தேன்.

"அவங்களுக்கு என்னா கூலி?"

எனக்குத் தெரியவில்லை. பீப்பாயில் எத்தனை மாதம் என்று தெரியும், வரி எத்தனை காசு என்று தெரியும். நான்கு நாள் அந்தச் சரிவுகளில் நடந்தேன். பறித்துக்கொண்டிருந்தவர்களோடு படம்கூட எடுத்துக்கொண்டேன். கூலியைக் கேட்கவில்லை.

"பெரட்டுல நின்னவ மவ நீ. அதைக் கேக்கத் தோணலையா?"

அம்மா எழுந்துபோய் அப்பாவின் பழைய சாரம் ஒன்றை எடுத்துவந்து புட்டியை அதில் சுற்றினார். இந்த வீட்டில் இது இருக்கக் கூடாது, போகும்போது எடுத்துக்கொண்டு போ என்றார். பிறகு முறுக்கு மாவு பிசையக் கூப்பிட்டார்.

புட்டி இப்போது சிங்கப்பூரில் என் அறை அலமாரியில், அந்தச் சாரத்துக்குள் படுத்துக் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தார். அண்ணன் மகனின் பள்ளிக்கூடம், மழை, முட்டி வலி எல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டார்.

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. திறக்கல."

"கூலி கேட்டியா?"

அந்தப் பேத்திக்கு எழுதியிருக்கிறேன் என்றேன். பதில் இன்னும் வரவில்லை.