பக்கத்து ஸ்லாட்டையும் பாருங்கள்

பெரிய ஜெனரேட்டர் சூடேறுகிறதா என்று கேட்டால் கன்ட்ரோல் ரூமில் ஓர் எண்ணைக் காட்டுவார்கள். பக்கத்து எண்களோடு ஒப்பிடாமல் அந்த எண்ணை நான் நம்புவதில்லை.

வீடு தியாகராய நகரில். வேலை முழுக்க அனல்மின் நிலையங்களில். தீபாவளி நெருங்க உஸ்மான் சாலையும் ரங்கநாதன் தெருவும் ஜொலிக்கும்போது எனக்கு அத்திப்பட்டு நினைவுதான் வரும். அங்கே வடசென்னை அனல்மின் நிலையத்தில் 1994 முதல் 1996க்குள் ஓடத் தொடங்கிய 210 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று. இந்த அளவு எந்திரத்தில் இழப்பு நூற்றுக்கு ஒன்று என்றாலே 2 மெகாவாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே பிறக்கும். அதை வாரிக்கொண்டு போகத்தான் ஹைட்ரஜனை அடைத்து ஓட்டுகிறோம். காற்றைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு வெப்பம் கடத்தும் வாயு அது.

சுழலாத பகுதியான ஸ்டேட்டரில், கடத்திகளான பார்கள் உட்காரும் பள்ளம்தான் ஸ்லாட். அதில் மேல் பாருக்கும் கீழ் பாருக்கும் நடுவே, சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் ஆர்.டி.டி. உணரியைப் புதைத்திருப்பார்கள். ஒரு நிலையத்தில் ஒரு ஸ்லாட் மட்டும் 76 டிகிரி காட்டியது, மற்றவை 70. அலாரம் எல்லை வெகுதூரம். "மீட்டர் கோளாறு சார்" என்றார்கள். டெர்மினலில் ஓம் அளந்தோம்: 70 டிகிரிக்கு 127 வர வேண்டும், 129 தாண்டி நின்றது. மீட்டர் சரி. வயர் இணைப்பு தளர்ந்திருந்தாலும் ஓம் கூடும் என்பதால் லோடைக் குறைத்துப் பார்த்தோம். இணைப்புக் கோளாறென்றால் வித்தியாசம் அப்படியே நிற்கும். இங்கே அதுவும் சேர்ந்து குறைந்தது. அந்த ஸ்லாட்டில் ஒரு பாருக்குள் ஓடி அதைக் குளிர்வித்து வெளிவரும் தண்ணீரும் மற்றவற்றைவிடச் சூடு. ஓவர்ஹாலில் திறந்தபோது, தண்ணீர் ஓடும் செம்புக் குழலைத் தாமிர ஆக்சைடு அடைத்திருந்தது.

ஆர்.டி.டி. இல்லாத இடம் சூடானால்? சோறு அடிப்பிடிப்பதை மூக்கு முதலில் அறிவதுபோல, கோர் மானிட்டர் என்ற கருவி ஹைட்ரஜனை மோப்பம் பிடிக்கும். அதற்குள் அயனியாக்கப்படும் வாயு சிறு மின்னோட்டம் தரும். இன்சுலேஷன் கருகினால் அதன் நுண்துகள்கள் அயனிகளைப் பற்றிக்கொள்ள, மின்னோட்டம் சரியும். வாயுவை ஃபில்டர் வழியே விட்டதும் மின்னோட்டம் மீண்டும் ஏறினால், துகள் இருப்பது உறுதி. எண்ணெய்ப் புகையும் இப்படி ஏமாற்றும் என்பதால் ஃபில்டரில் படிந்ததைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு. அலாரம் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஆயுள் கரைந்துகொண்டே இருக்கும். ஷிஃப்டுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: லாக் ஷீட்டில் எண்ணை எழுதும்போதே பக்கத்து ஸ்லாட்டையும், இதே லோடில் போன மாதம் எழுதியதையும் பாருங்கள். இரண்டு டிகிரி விலகினாலும் காரணம் கேளுங்கள்.