நாலு கியர் போதாதா?

ஏற்றத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும். கியர் லேசாக இருந்தால் கால் வேகவேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாக நகரும். கியர் கனமாக இருந்தால் கால் நிதானமாகச் சுற்றும், ஆனால் மூச்சு வாங்கும். கார் இன்ஜினுக்கும் இதே கதைதான்.

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் உலகம் முதன்முதலாகப் பார்த்த ஜாகுவார் இ-டைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர், 265 குதிரைத்திறன். மணிக்கு 240 கிலோமீட்டர் தொடும் என்று பேசப்பட்ட கார். பெட்டியை ஏற்றிக்கொண்டு நாடு விட்டு நாடு போகும் 'கிராண்ட் டூரிங்' ரகம். ஆனால் கியர் நாலே நாலு. முதல் கியரில் சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி உருளும்போது அதில் போட, இரண்டு முறை கிளட்ச் மிதிக்கும் பழைய வித்தை தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பற்கள் 'கர்ர்ர்' என்று கத்தும்.

நாலாவது கியரில் இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே போவதும் ஒரு சுற்றுதான். பிறகு பின் அச்சில் இருக்கும் பல்சக்கரங்கள் அதைக் குறைக்கும். அங்கே விகிதம் 3.31 என்றால், இன்ஜின் 3.31 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். கணக்குப் போட்டால், 112 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3000 தடவை சுற்றுகிறது. அச்சு விகிதம் 3.54 ஆனால் கிளம்பும்போது துள்ளல் அதிகம், நெடுஞ்சாலையில் இரைச்சலும் அதிகம். 3.07 ஆனால் ஓட்டம் சாந்தம், கிளம்புவது கொஞ்சம் சோம்பல். ஒன்றைப் பெற்றால் இன்னொன்றை இழக்க வேண்டும்.

அந்தக் கார் வந்தபோது இங்கிலாந்தின் எம்-1 நெடுஞ்சாலைக்கு வயது ஒன்றரைகூட ஆகவில்லை. வேகக் கட்டுப்பாடும் இல்லை. 1965 டிசம்பரில்தான் 112 கிலோமீட்டர் வரம்பு வந்தது. இன்று அதே சாலையில், அதே 112-ல், மூன்று மணி நேரம் 3000 சுற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போவது இளைஞருக்குச் சங்கீதம். அறுபதைத் தாண்டியவருக்குத் தலைவலி. பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியோடு பேச வேண்டுமானால் கத்த வேண்டும். இரண்டு பயணத்துக்குப் பிறகு, "நீங்களே போயிட்டு வாங்க" என்று அவர் சொல்லிவிட்டால், அப்புறம் எதற்கு டூரிங்?

அதனால்தான் பழைய கார்க்காரர்கள் பலர் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துகிறார்கள். ஐந்தாவது கியர் விகிதம் 0.8 என்று வைத்துக்கொண்டால், 3000 சுற்று 2400 ஆகிவிடும். வேகம் அதேதான். சத்தம் குறையும், பெட்ரோல் மிச்சமாகும், முதல் கியரும் முரண்டு பிடிக்காது.

அப்பா ஓட்டிய கார் பிள்ளைக்கு வந்த வீடுகளில் இது லேசான முடிவல்ல. அந்தக் கியர் கம்பியில் அப்பாவின் கைப்பழக்கம் இருக்கிறது. இரண்டாவது கியரில் எழும் முனகலைக் கேட்டே தெருமுனையில் அவர் திரும்புவதைக் கண்டுபிடித்த வீடு அது. அதைக் கழற்றினால் அவரையே கழற்றுவதுபோல ஒரு தயக்கம் வரும். "ஒரிஜினல் போச்சே, விலை குறையுமே" என்று நண்பர்கள் வேறு பயமுறுத்துவார்கள்.

மறுபக்கமும் உண்டு. போர்வை போர்த்தி ஷெட்டில் நிறுத்திய காரில் எல்லாமே ஒரிஜினல்தான், ஓட்டம் ஒன்றைத் தவிர. நின்றே இருக்கும் வண்டியில் ரப்பர் காயும், பிரேக் இறுகும், பெட்ரோல் கெடும்.

இதற்கு நல்ல மெக்கானிக்குகள் சொல்லும் வழி எளிது. உடலை வெட்டாமல் பொருந்தும் பெட்டியாகப் பார்த்து மாட்டுங்கள். பழையதை எண்ணெய் தடவி, துணி சுற்றி, பத்திரமாக வையுங்கள். நாளைக்குப் பேரனுக்கு அந்தக் 'கர்ர்ர்' வேண்டுமென்றால் அவன் திரும்ப மாட்டிக்கொள்ளட்டும். அதுவரை கார் சாலையில் இருக்கும், பக்கத்து இருக்கையும் காலியாக இருக்காது.