ஓடப் பழகும் சாமுராய்கள்

சாமுராய் படம் என்றதும் பலரும் முதலில் சொல்வது 2003இல் வந்த 'தி லாஸ்ட் சாமுராய்'. டாம் குரூஸ், கென் வாட்டனபே, மூடுபனிக்குள்ளிருந்து வெளிப்படும் குதிரைகள், கடைசியில் இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி வாளோடு ஒரு பாய்ச்சல். மூன்று தடவை பார்த்திருக்கிறேன், மூன்று தடவையும் கண் கலங்கியது. ஆனாலும் அது ரொம்ப வசதியான கதை.

வாட்டனபே நடித்த கட்சுமோட்டோ, சைகோ தகமோரியை நினைவில் வைத்து உருவான பாத்திரம். படத்தில் கட்சுமோட்டோ துப்பாக்கியைக் கையால் தொடமாட்டார். நிஜத்தில் சைகோவின் ஆட்களிடம் துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தன. 1877இல் அந்தக் கலகம் தொடங்கியதே ககோஷிமாவின் ஆயுதக் கிடங்குகளைச் சூறையாடித்தான். ஜப்பானில் துப்பாக்கி வந்திறங்கியது 1543இல். முந்நூறு வருஷமாகத் தெரிந்த சாமானைப் பார்த்து திடீரென்று என்ன அருவருப்பு? அவர்களுக்கு வலித்த இடம் வேறு. 1873இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. போர் செய்வது ஒரு சாதியின் தனிச்சொத்தாக இருந்தது போயிற்று. 1876இல் இடுப்பில் வாள் தரிக்கத் தடை, பரம்பரை மானியத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரம். கௌரவமும் போயிற்று, சோறும் போயிற்று. அவர்களைத் தோற்கடித்த அரசுப் படையில் குடியானவன் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். படத்தின் தொடக்கத்தில் துப்பாக்கியை நடுங்கும் கையில் பிடித்திருப்பானே, அவன்தான். அவன் பக்கத்திலிருந்து இந்தக் கதையைச் சொல்ல ஹாலிவுட்டுக்குத் தோன்றவில்லை.

யோஜி யமாடாவின் 'தி ஹிட்டன் பிளேடு' (2004) எனக்கு நெருக்கமானது அதனால்தான். மெய்ஜி ஆட்சிக்குச் சில வருஷம் முந்தைய ஒரு வடக்கத்திச் சிற்றரசு. எடோவிலிருந்து ஒரு பயிற்சியாளர் வருகிறார், மேற்கத்திய முறையில் பீரங்கி சுடவும் அணிவகுத்து நடக்கவும் சொல்லித்தர. வளர்ந்த ஆண்கள், வாள் வித்தை தெரிந்தவர்கள், கையை வீசி ஓடத் தெரியாமல் தடுமாறுகிறார்கள். காலும் கையும் ஒத்துப்போகமாட்டேன் என்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. நவீனம் சட்டமாகவோ சித்தாந்தமாகவோ வருவதற்கு முன்னால் முட்டிக்குள்ளும் தோளுக்குள்ளும் வந்து உட்கார்கிறது. 'நீ இதுவரைக்கும் நடந்ததெல்லாம் நடையே இல்லப்பா' என்று ஒருத்தன் சொல்ல, அதைக் கேட்டு நாற்பது வயசில் ஒரு மனுஷன் ஓடிப் பழகவேண்டும்.

நாயகன் கதகிரி தன் பழைய நண்பன் ஹசாமாவைக் கொல்லப் பணிக்கப்படுகிறான். ஹசாமா வேண்டுவதெல்லாம் வாளால் ஒரு சாவு. சண்டை நடக்கும்போதே ஒளிந்திருந்தவர்கள் அவனைச் சுட்டுவிடுகிறார்கள். பின்னணி இசை உயர்ந்து அவனைக் காவிய நாயகனாக்குவதில்லை. மனுஷன் விழுகிறான், அவ்வளவுதான். நண்பனின் மனைவியை ஏமாற்றிச் சீரழித்த மேலதிகாரியைக் கதகிரி பிறகு தீர்த்துக்கட்டுகிறான், மறைத்து வைத்த ஒரு சின்னக் கத்தியால். அந்த அதிகாரியும் சாமுராய்தான் என்பதை யமாடா நம்மை மறக்கவிடுவதில்லை.

அதோடு கதகிரி வாளைத் துறக்கிறான். அவன் வீட்டில் வேலை பார்த்த கியே குடியானவர் மகள். இருவருக்கும் மனசு இருந்தும், சாதி குறுக்கே நின்றதால் அவளை ஊருக்கே அனுப்பியிருந்தான். இப்போது எஸோவுக்கு, இன்றைய ஹொக்கைடோவுக்கு, வியாபாரியாகப் போகுமுன் அவளைத் தேடி வருகிறான். என்னைக் கட்டிக்கொள் என்கிறான். இது எஜமானரின் உத்தரவா என்று கேட்கிறாள் அவள். ஆமாம், உத்தரவு என்கிறான், உத்தரவு போடும் தகுதியைத் தானே விட்டுவிட்டு வந்தவன். அப்படியென்றால் கீழ்ப்படிய வேண்டியதுதான் என்று சிரிக்கிறாள்.