மூட்டை கட்டும் எட்ஜ்வேர்

2025 ஜனவரி 19, ஞாயிறு

இரவு வெகுநேரம் ஆகியும் தொலைக்காட்சியை யாரும் அணைக்கவில்லை. காசாவில் 15 மாதங்களுக்கு மேல் பிணைக்கைதியாக இருந்த எமிலி தமாரி இன்று விடுதலையாகிவிட்டார். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் கடத்தப்பட்டார்கள். அந்த 251 பேரில் எமிலியும் ஒருவர். பிரிட்டன், இஸ்ரேல் இரண்டு நாட்டுக் குடியுரிமையும் உள்ளவர். டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் கால்பந்து அணியின் ரசிகை. அந்த அணியின் மற்ற ரசிகர்கள் அவருக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்ததில் வட லண்டன் யூதர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வட லண்டன் எட்ஜ்வேரில் உள்ள இந்த வீட்டிலும் அப்படித்தான். கணவர் கணக்காளர், மனைவி பிசியோதெரபிஸ்ட். மகளுக்கு வயது 14, மகனுக்கு 9. இரண்டு தெரு தள்ளிக் கணவரின் அம்மா இருக்கிறார், வயது 82. ஆகஸ்டுக்குள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்வது என்று முடிவாகியிருக்கிறது. பெயர்கள் வேண்டாம். ஹெண்டன், போரம்வுட், மான்செஸ்டரை ஒட்டிய பிரஸ்ட்விச் என்று பல இடங்களில் பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் வீடு இது.

பிரிட்டன் யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்புகிறார்கள் என்று சொன்னால் அது பொய். 2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,71,327 யூதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஆண்டுக்குச் சில நூறு பேர்தான் போகிறார்கள். ஆனால் போவதா வேண்டாமா என்ற பேச்சு நடக்காத சாப்பாட்டு மேசை குறைவு.

பிப்ரவரி 16, ஞாயிறு

யூதர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் சி.எஸ்.டி. என்ற அறக்கட்டளையின் கணக்கு இம்மாதம் வந்திருக்கிறது. 2024இல் பிரிட்டனில் பதிவான யூத வெறுப்புச் சம்பவங்கள் 3,528. போருக்கு முந்தைய 2022இல் அது 1,662.

மனைவிக்கு இந்த எண்களைவிட ஒரு கோட்டுதான் பெரிதாகப் பட்டது. 2023 அக்டோபரில் லண்டனின் சில யூதப் பள்ளிகள், அடையாளம் தெரியும் சீருடைக் கோட்டை வழியில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லின. மகள் அன்று முதல் கோட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு பேருந்தில் போனாள். பள்ளியின் வாசலில் காவலர் நிற்பது அவளுக்குப் பழக்கம். மழலையர் வகுப்பிலிருந்தே பார்த்து வருகிறாள். கோட்டை ஒளித்துக்கொள்வது பழக்கமாகவில்லை.

கணவர் வேறு மாதிரி. அவர் பதினெட்டு வயதில் ஓராண்டு ஜெருசலேமில் படித்தவர். அப்போதே போக ஆசைப்பட்டவர். வேலை, கடன், குழந்தைகள் என்று இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. பயம்தான் அவர்களைத் துரத்துகிறது என்று எழுதுவதும் தவறு, பக்திதான் இழுக்கிறது என்று எழுதுவதும் தவறு. ஒரே வீட்டில் இரண்டும் இருக்கின்றன, அளவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

இந்த மாதம் முழுக்கக் காகித வேலை. இஸ்ரேலின் ‘திரும்பி வரும் உரிமை’ச் சட்டம் 1950இல் வந்தது. எந்த யூதரும் அங்கே சென்று குடியுரிமை பெறலாம். 1970இல் அதைத் திருத்தி, யூதரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அவர்களின் கணவன் மனைவியர் வரை நீட்டினார்கள். உரிமை இருந்தால் போதாது, நிரூபிக்க வேண்டும். யூத முகமை என்ற அமைப்பிடம் விண்ணப்பம் போக வேண்டும். பெற்றோர் பெயருடன் கூடிய முழுப் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குற்றப் பின்னணி இல்லை என்ற காவல்துறைச் சான்று, யூத மதகுருவான ராபி தரும் கடிதம். அரசுச் சான்றிதழ்கள் உண்மையானவை என்று பிரிட்டன் வெளியுறவுத் துறை ‘அப்போஸ்டில்’ முத்திரை ஒட்டித் தர வேண்டும்.

சிக்கல் மனைவியின் பக்கம் வந்தது. அவருடைய பெற்றோரின் கெதுபா, அதாவது யூதத் திருமண ஒப்பந்தம், வீடு மாறியபோது எங்கோ தொலைந்துவிட்டது. அவருடைய பாட்டியின் கல்லறைக் கல்லைப் படமெடுத்து அனுப்பினால் துணைச் சான்றாகும் என்றார்கள். இன்று குடும்பமாக புஷி கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். கல்லில் பாசி படர்ந்திருந்தது. செல்போன் படத்தில் எழுத்து விழவில்லை. மகன் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கல்லின் மேல் ஊற்றி, கழுத்துத் துணியால் தேய்த்தான். எபிரேய எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பாட்டியின் பெயர், அவருடைய தந்தையின் பெயர், எபிரேய நாட்காட்டிப்படி இறந்த நாள். படமெடுத்த பிறகு, வழக்கப்படி ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கல்லறை மேல் வைத்துவிட்டுத் திரும்பினார்கள்.

அந்தப் பாட்டியின் பெற்றோர் ரஷ்யப் பேரரசின் ஆளுகையில் இருந்த போலந்திலிருந்து ஒயிட்சேப்பலுக்கு வந்தவர்கள். தையல் வேலை. 1905இல் பிரிட்டன் அந்நியர் சட்டம் கொண்டுவந்து கதவைச் சாத்துவதற்கு முன் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

ஏப்ரல் 12, சனி

பஸ்கா விருந்து. எகிப்திலிருந்து வெளியேறிய கதையைச் சொல்லிச் சாப்பிடும் இரவு. பிள்ளைகள் கேள்வி கேட்பது இந்த விருந்தின் மரபு. மகள் மரபில் இல்லாத கேள்வியைக் கேட்டாள்.

“1948இல் வீட்டை விட்டுப் போன பாலஸ்தீனர்கள் திரும்பி வர முடியாது. அங்கே பிறக்காத நாம மட்டும் எப்படிப்பா போகலாம்?”

அப்பா நிறையப் பேசினார். 1290இல் முதலாம் எட்வர்டு இங்கிலாந்திலிருந்து யூதர்களை விரட்டியது, ஜெர்மனியில் நடந்தது, அரபு நாடுகளிலிருந்து வெளியேறிய யூதர்கள். எல்லாம் உண்மை. ஆனால் மகள் கேட்டதற்கு அது பதில் ஆகவில்லை. 1948 போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இந்த விண்ணப்பப் படிவம் இல்லை. காசாவில் இறந்தவர்கள் 50,000க்கு மேல் என்று அங்குள்ள சுகாதார அமைச்சகம் சென்ற மாதம் சொன்னது. அந்தச் சிறுமிக்கு இதெல்லாம் தெரியும், வகுப்பில் பேசுகிறார்கள். போகும் ஒவ்வொரு குடும்பமும் இந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். கேட்காமல் போவதைவிடக் கேட்டுவிட்டுப் போவது நேர்மை.

மேற்குக் கரையில் உள்ள குடியிருப்புகளுக்குப் போவதில்லை என்று அன்றிரவே முடிவானது. ஆங்கிலம் பேசுபவர்கள் நிறைய வாழும் எஃப்ராத் போன்ற ஊர்கள் அங்கே இருக்கின்றன. சர்வதேசச் சட்டப்படி அவை செல்லாது என்பது பிரிட்டன் அரசின் நிலை. இஸ்ரேல் அதை ஏற்பதில்லை. மகள் ஏற்கிறாள்.

மே 4, ஞாயிறு

ஏமனிலிருந்து ஹூதிகள் ஏவிய ஏவுகணை இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையத்தின் அருகே விழுந்தது. பல விமான நிறுவனங்கள் பயணங்களை நிறுத்திவிட்டன. ஊரைப் பார்த்துவிட்டு வரத் திட்டமிட்ட பயணம் தள்ளிப்போகிறது.

மே 27, செவ்வாய்

இஸ்ரேலின் எல் அல் விமானத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. டெல் அவிவுக்கு வடக்கே உள்ள ரனானா. தெருவில் பாதிப் பேர் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்று மகனுக்கு மகிழ்ச்சி. பெற்றோர் பார்த்தது வேறு. வீட்டுத் தரகரிடம் முதல் கேள்வியே “மமாட் இருக்கிறதா?” என்பதுதான். மமாட் என்றால் கான்கிரீட் சுவரும் இரும்புச் சன்னலும் உள்ள பாதுகாப்பு அறை. வளைகுடாப் போரில் ஈராக்கின் ஏவுகணைகள் விழுந்த பிறகு, 1990களின் தொடக்கத்திலிருந்து கட்டும் வீடுகளில் அது கட்டாயம். பழைய கட்டடத்தில் இருக்காது, வாடகை குறையும். அவர்கள் பார்த்த வீட்டில் அந்த அறையில் ஒரு தொட்டில் கிடந்தது. சைரன் ஒலித்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம் என்று குழந்தையை அங்கேயே தூங்க வைக்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வேலை நாள், பள்ளி நாள். பள்ளிகளில் மகளைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்கள். பதினான்கு வயது கடினமான வயது. பிரார்த்தனைப் புத்தகத்தை வேகமாகப் படிக்கிறாள். அதே எழுத்தில் வந்த மின்கட்டண ரசீது புரியவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் ‘பக்ரூத்’ பொதுத்தேர்வு, பதினெட்டில் ராணுவம். பெண்களுக்கு இரண்டு ஆண்டு, ஆண்களுக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல். தாயார் விமானத்தில் வரும்போது மகனின் வயதைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்.

ஜூன் 13, வெள்ளி

ஈரான் மீது இஸ்ரேலின் தாக்குதல், பதிலுக்கு ஏவுகணைகள். வான்வெளி மூடப்பட்டது. ஆகஸ்டு பயணச்சீட்டு கையில் இருக்கிறது. கணவரின் அம்மா, பிள்ளைகளின் பாட்டி, தொலைபேசியில் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சமையல் குறிப்பு மட்டும் கேட்டார்.

ஜூன் 24, செவ்வாய்

போர்நிறுத்தம். இந்தப் பன்னிரண்டு நாளும் கணவனும் மனைவியும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. இன்று மனைவிதான் சொன்னார்: “சீட்டை ரத்து செய்ய வேண்டாம்.”

ஜூலை 20, ஞாயிறு

கப்பல் பெட்டகத்தை அங்கே போகிறவர்கள் ‘லிஃப்ட்’ என்கிறார்கள். புதிதாகக் குடியேறுபவர் மூன்று ஆண்டுக்குள் மூன்று முறை சுங்க வரி இல்லாமல் வீட்டுச் சாமான் கொண்டுவரலாம். எதை ஏற்றுவது என்பதில் ஒரு மாதம் போனது. இரண்டு நாட்டிலும் மின்சாரம் 230 வோல்ட்தான், பிளக்கை மாற்றினால் போதும் என்பதால் கெட்டில், மிக்சர் ஏறின. குளிர்காலக் கோட்டுகளில் பாதி இறங்கின. யார்க்ஷயர் டீ ஒரு பெட்டி முழுக்க ஏறியது.

பாட்டியை அழைத்துப் போகக் கணவர் கடைசியாக ஒரு முறை முயன்றார். கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ குடியேறும் பிரிட்டன் முதியவரின் அரசு ஓய்வூதியம் அப்படியே உறைந்து நின்றுவிடும். ஒப்பந்தம் இருப்பதால் இஸ்ரேலில் ஆண்டுதோறும் உயரும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பாட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

“கணக்கு சரிதான்டா. ஆனா என் டாக்டர் இங்கே, என் சினேகிதிங்க இங்கே, உங்க அப்பாவோட கல்லறை இங்கே. நீங்க போங்க. நான் இந்தத் தெருவிலேதான் இருப்பேன்.”

பாட்டியின் அண்ணன் இந்தப் பயணத்தை வேறு வகையில் செய்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் எசெக்ஸில் தாக்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு பண்ணை இருந்தது. யூத இளைஞர்கள் அங்கே மாடு கறக்கவும் உழவும் பழகிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். அப்படிப் போனவர்களில் ஒரு கூட்டம் 1949இல் கீழ் கலிலேயாவில் லாவி என்ற கூட்டுப் பண்ணையை உண்டாக்கியது. இன்று உலகெங்கும் உள்ள ஜெபக்கூடங்களுக்கு இருக்கைகள் செய்து அனுப்புவது அந்த லாவிதான். அன்றைக்குப் போனவர்கள் கையில் ஒரு பெட்டி, தலையில் ஒரு கனவு. இன்றைக்குப் போகிறவர்கள் லண்டன் நிறுவன வேலையை மடிக்கணினியில் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேர வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று போகிறார்கள். கணவருக்கு அது சரிப்படும். மனைவி அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் உரிமம் பெறும் வரை ஒரு நோயாளியையும் தொட முடியாது.

ஆகஸ்டு 19, செவ்வாய்

ஐந்து மணி நேரப் பயணம். புதிய அடையாள எண், நான்கு மருத்துவக் காப்பு நிதிகளில் ஒன்றில் பதிவு, மாதாமாதம் வரவேண்டிய ‘சல் க்லிதா’ உதவித் தொகைக்கான வங்கிக் கணக்கு. ஐந்து மாத எபிரேய வகுப்பு, உல்பான், இலவசம்.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2024இல் இஸ்ரேலை விட்டு வெளியேறியவர்கள் 82,000க்கு மேல் என்று அந்த நாட்டுப் புள்ளியியல் துறையே சொல்கிறது. ரனானாவில் இவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் அப்படிக் கிளம்பியவர்கள்தான்.

அக்டோபர் 2, வியாழன்

யோம் கிப்பூர், ஆண்டின் மிகப் புனிதமான நாள். விமான நிலையம் மூடியிருக்கிறது, சாலையில் கார் இல்லை. மகன் நடுத்தெருவில் சைக்கிள் ஓட்டினான். நோன்பு முடிந்து இரவில் தொலைபேசியைத் திறந்தபோதுதான் செய்தி தெரிந்தது. மான்செஸ்டரில் ஹீட்டன் பார்க் ஜெபக்கூடத்தின் வாசலில் ஒருவன் காரை மோதி, கத்தியால் குத்தியிருக்கிறான். உள்ளே இருந்தவர்கள் கதவை அடைத்துத் தாங்கிப் பிடித்ததால் அவனால் நுழைய முடியவில்லை. வழிபட வந்த இருவர் இறந்தார்கள்; அவர்களில் ஒருவர் உடலில் பட்டது போலீஸ் சுட்ட குண்டு. தாக்கியவனையும் போலீஸ் சுட்டுக் கொன்றது.

பாட்டி எடுத்தவுடன் சொன்னது, “நான் நடந்தே போய்ட்டு நடந்தே வந்தேன், ஒண்ணும் ஆகலை.”

அக்டோபர் 12, ஞாயிறு

பிரஸ்ட்விச்சில் இருக்கும் மனைவியின் தங்கை விண்ணப்பத்துக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இதுவரை போகும் எண்ணமே இல்லாதவர் அவர்.

1656இல் யூதர்கள் மீண்டும் இங்கிலாந்தில் வாழத் தொடங்கினார்கள். 1701இல் லண்டனில் அவர்கள் கட்டிய பெவிஸ் மார்க்ஸ் ஜெபக்கூடத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. அவர்களின் பள்ளிகளுக்கும் ஜெபக்கூடங்களுக்கும் பாதுகாப்புக்காக 2025 தொடக்கத்தில் அரசு ஆண்டுக்கு 1.8 கோடி பவுண்டு தந்துவந்தது. அந்தப் பணம் வேண்டியதுதான். ஆனால் காவலாளுக்குச் சம்பளம் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று ஒரு நாடு இருந்துவிட முடியாது. ஆசைப்பட்டுப் போகிறவர் தாராளமாகப் போகட்டும், அது அவர் உரிமை. பயந்து போகிறவரை வழியனுப்பி வைப்பது பிரிட்டனுக்கு அழகல்ல. எட்ஜ்வேரில் ஒரு மூதாட்டி வீட்டிலிருந்து ஜெபக்கூடம் வரை அச்சமின்றி நடக்க வகை செய்வது லண்டன் அரசின் வேலை; அதை டெல் அவிவ் விமானத்தின் தலையில் கட்டக் கூடாது.