பால் கணக்கு நோட்டு

பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில்தான் என் கணக்கு ஓடுகிறது. 90, 75, 60, 60, 45. எல்லாம் மில்லி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாளாகிறது. இடது மார்பை எடுத்த இடத்திலிருந்து வெளியே வரும் ஒரு குழாய், துருத்தி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாவில் முடிகிறது. அமுக்கி மூடினால், அது விரியப் பார்த்து, உள்ளே ஊறும் நீரை இழுத்துக்கொள்ளும். காலை ஆறு மணிக்கு மகள் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பாள். முதலில் ரத்தச் சிவப்பு, அப்புறம் ரோஸ்மில்க் நிறம். இனி ரோஸ்மில்க் குடிப்பேனா என்பது சந்தேகம். தொடர்ந்து இரண்டு நாள் 30க்குக் கீழே வந்தால் குழாயை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

டப்பாவைப் புடவையில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டால் இழுக்கிறது. அம்மா பீரோவைக் குடைந்து ஒரு சுருக்குப்பையை எடுத்துவந்தாள். அப்பாயியுடையது. டப்பாவின் முக்கால் பாகம் உள்ளே போயிற்று. எனக்குப் புகையிலை வாசனை வருகிறது. அம்மா, அது பாச்சை உருண்டை வாசனை என்கிறாள்.

அந்தப் பையிலிருந்து அப்பாயி எனக்குப் பத்துப் பைசா எடுத்துத் தருவாள், தலை பின்னிவிட்டால். மாயவரம் வீட்டுத் தாழ்வாரம், 1978. எனக்குப் பத்து வயது. "கை தூக்க முடியல, வாதம். நீயே கொண்டையப் போட்டு விடுடி" என்பாள். நாலு முடிதான் இருக்கும். அதைச் சுருட்டி ஊசி குத்துவேன். இடது கையை மடியோடு ஒட்டி வைத்திருப்பாள். தைலம் தேய்க்க மட்டும் யாரையும் விடமாட்டாள்.

இப்போது என் தலையை மகள் பின்னிவிடுகிறாள்.

பார்க்க வருகிறவர்கள் முள்சீத்தா இலை கொண்டுவருகிறார்கள், சர்க்கரையே கூடாது என்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்க்கிறார்கள். நர்ஸ் சொன்னது வேறு: நன்றாகச் சாப்பிடுங்கள், அக்குள் நெறிகட்டிகளையும் எடுத்திருப்பதால் இடது கையில் ஊசியோ பிரஷர் பட்டையோ வேண்டாம், சுவரில் விரலை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்றுங்கள். ஏற்றுகிறேன். முதல் நாள் சுவிட்சுப் பெட்டி வரை. நேற்று அதற்குமேல் ஒரு சாண். காலண்டர் ஆணி இன்னும் தூரத்தில் இருக்கிறது. அக்குளில் கயிறு கட்டி இழுப்பதுபோல ஒரு பிடிப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறேன்.

நேற்று அந்தப் பிடிப்பில்தான் நின்றுவிட்டேன். இந்தக் கையை எனக்குத் தெரியும். மடியோடு ஒட்டிய இந்தக் கை.

"அம்மா, அப்பாயிக்கு வாதம்தானே?"

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இடதுதான்" என்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"குளிப்பாட்டினது நான்தானே. நெல்லிக்காய் மாதிரி இருந்தது, அப்புறம் புண்ணாயிடுச்சு. வெளிய சொல்லக்கூடாதுன்னு அத்தை சத்தியம் வாங்கிட்டாங்க. உங்க அப்பாகிட்ட அதப் போயி எப்படிச் சொல்றது?"

கோபம் வந்தது; யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டு, அடையாறில் 12 படுக்கைகளோடு 1954இல் தொடங்கிய ஆஸ்பத்திரிக்கு அப்போது 24 வயது. மாயவரத்தில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது எழும்பூர். போயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று சொல்லவரவில்லை. வலிக்கு ஏதாவது கொடுத்திருப்பார்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஒரு படிவம் நிரப்பினார்கள். குடும்பத்தில் யாருக்காவது? அம்மா வழி, அப்பா வழி இரண்டும் சொல்லுங்கள் என்றார் அந்த இளம் டாக்டர். இரண்டிலும் இல்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

இன்று காலை 28 மில்லி. நிறமும் வெளிறியிருக்கிறது. மகள் தேதி போட்டு எழுதினாள். நோட்டை வாங்கி, அடுத்த முறை டாக்டரிடம் சொல்ல வேண்டியதை அதற்குக் கீழே எழுதினேன்: அப்பாயி, இடது பக்கம், 1978.

"அப்பாயிக்குமா?" என்றாள் மகள், சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு. அவளுக்கு 26 வயது.

"உக்காரு, சொல்றேன்" என்றேன்.